கனக்கத் தெரியாத பஞ்சு

லிஃப்டுக்குள் கால் வைத்ததும் பஞ்சு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொள்வாள். குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பும். தோள்கள் காதுப் பக்கம் ஏறும். ஒத்திகைக் கூடம் இருக்கும் மூன்றாவது மாடி வந்து கதவு திறக்கும்வரை நுனிக்காலிலேயே நிற்பாள். வெளியே வந்த பிறகுதான் மூச்சை விடுவாள். எதற்கு இந்தக் கூத்து என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாவம் நர்சம்மா, எல்லாரையும் சேத்து இழுக்குது. நம்மளால முடிஞ்சது."

அது சாமான் ஏற்றும் லிஃப்ட். கீழ்த்தளத்தில் இருக்கும் மேசை நாற்காலிக் கிடங்குக்காகப் போட்டது. இரும்பு பீரோக்களை ஏற்றி இறக்கிப் பழகிய இயந்திரம், இவள் மூச்சை அடக்கினால் நன்றி சொல்லப் போகிறதா என்ன? ஆனாலும் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்னொன்று, நான் நர்சும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டவும் புரட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் பயிற்சி எடுத்து, அதையே நெடுங்காலம் செய்தவள். இந்தச் சர்க்கஸ் நாடகக் குழுவில் கட்டுப் போடவும் தைலம் தேய்க்கவும் என்னை வைத்திருக்கிறார்கள். 'நர்ஸ் இல்லை' என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

பஞ்சுவின் தொழில் மேலே போவது. தோள்மேல் தோளாக ஏறி நிற்கும் வித்தையில், அடியில் தாங்குகிறவரைக் கீழாள் என்றும் உச்சியில் நிற்கிறவரை மேலாள் என்றும் சொல்கிறார்கள். இவள் சிறு வயதிலிருந்தே மேலாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். இவளுடைய கீழாள் இவள் கணவர்தான். அவரைக் குழுவில் தூண் என்று கூப்பிடுகிறார்கள். அகன்ற மனிதர், கழுத்து என்று அவருக்குத் தனியாக ஒன்றும் கிடையாது, தலை நேராகத் தோளில் தொடங்கிவிடும்.

"இவளைத் தூக்கறதா? சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டற மாதிரி" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் தூண் சொல்வார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ எடை என்னன்னே எனக்குத் தெரியாதுங்க."

தெரியாமல் போனதற்குக் காரணம் பஞ்சு. மேலாளின் திறமை உச்சியில் நிற்பதில் இல்லையாம். தூக்குகிறவர் கை இடுப்பில் படுவதற்குள் தானே பாதி எழும்பிவிட வேண்டும், உடம்பைக் கம்பிபோல முறுக்கிக்கொள்ள வேண்டும், தூக்குகிறவருக்குத் தூக்கினோம் என்பதே தெரியக் கூடாது. பஞ்சுவுக்கு இந்தப் பழக்கம் மேடையோடு நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகாது. பாதி பாரத்தைத் தொடையிலேயே வைத்திருப்பாள். யாராவது பெருக்க வந்தால், துடைப்பம் கதவைத் தாண்டும்போதே இவள் பாதங்கள் இரண்டும் மேலே போய்விடும். ரத்த அழுத்தம் பார்க்கலாமென்று நான் பட்டையை எடுத்தால் கை தானாக நீண்டு மிதக்கும். அடியில் தலையணை வைத்தால், கை அதைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நிற்கும். பேருந்தில் தூங்கி என் தோளில் சாய்ந்திருக்கிறாள். சாய்ந்த மாதிரி இருந்ததே தவிர, பாரம் வந்து சேரவில்லை.

யார் எது கேட்டாலும் 'சரி' என்பாள். வேறு பதில் அவளிடம் இருப்பில் இல்லை.

குழு இப்போது உருவாக்கிக்கொண்டிருப்பது தெருவில் இறங்கிப் போராடும் மக்களைப் பற்றிய ஒரு நாடகம். வசனம் கிடையாது, எல்லாம் உடம்பால். பதாகைகளைப் பந்துபோல எறிந்து பிடிக்கிறார்கள். தடுப்பு வேலி சக்கரம் கட்டி ஓடுகிறது. அதன்மேல் ஒருவர் தலைகீழாக நிற்கிறார். கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு நீளமான நீலத்துணி ஒன்று. அதில் கால் சிக்கி விழுந்தவர்களுக்கு நான் போட்ட கட்டு மட்டும் நிஜம். கோஷத்துக்குப் பதிலாகத் தொடையைத் தட்டுகிறார்கள். அதனால் தொடைகள் கன்றிப்போய், ஐஸ் பெட்டி மதியத்துக்குள் காலியாகிறது. டைரக்டர் ஒல்லியான மனிதர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். மக்கள் பொங்கி எழுவார்கள். அவர் விசில் ஊதுவார். மக்கள் பொங்குவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

கடைசிக் காட்சி இது: கூட்டம் கலைந்துவிட்டது. நடுவில் ஒருத்தி மட்டும் சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்கு போலீஸ்காரர்கள் அவளைத் தூக்கிப்போக வருகிறார்கள். முடியவில்லை. இழுக்கிறார்கள், நெம்புகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். சின்ன உருவப் பெண்பிள்ளை ஒருத்தி, அசையவே மாட்டேன் என்கிறாள்.

இந்த வேடத்தைப் பஞ்சுவுக்குக் கொடுத்தார்கள். அவள் தோள்மூட்டு ஏற்கெனவே நழுவிச் சரி செய்தது. இனி உச்சியில் நிற்கவும் தொங்கவும் கூடாது. முழு நாடகத்திலும் ஏறாமல் செய்யக்கூடிய வேடம் இது ஒன்றுதான்.

"ஒண்ணுமே பண்ண வேணாம். உக்காந்திருக்கணும். தூக்கினா கனக்கணும். அவ்வளவுதான்" என்றார் டைரக்டர்.

"சரி" என்றாள் பஞ்சு.

போலீஸ் வேடம் போட்டவர்களில் தூணும் ஒருவர். முதல் ஒத்திகையில் நான்கு பேரும் முறைத்துக்கொண்டு வந்தார்கள், குனிந்தார்கள், கை வைத்தார்கள். அடுத்து நான் பார்த்தது, பஞ்சு இரண்டு போலீஸ்காரர்களின் தோளில் ஒவ்வொரு கால் வைத்து, கைகளை விரித்து, முகவாயை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்ததைத்தான். போலீஸ்காரர்களும் பழக்க தோஷத்தில் பெருமையாக மேலே பார்த்தார்கள்.

விசில் ஊதப்பட்டது.

"பஞ்சு, உன்னைக் கைது பண்றாங்க."

"ஆமாங்க."

"கைதாகறவ சிரிக்கலாமா?"

"கை பட்டதும் தானா வந்திருச்சுங்க. இறங்கிடறேன்" என்று சொல்லி, ஓசையில்லாமல் ஒரு குட்டிக்கரணம் போட்டு இறங்கினாள். ஓரத்தில் யாரோ கைதட்டினார்கள். டைரக்டர் அவரை முறைத்தார்.

பிறகு வைத்தியங்கள் தொடங்கின. இவள் சட்டைக்குள் நனைந்த கம்பளியைச் சுற்றினார்கள். கம்பளியோடு சேர்ந்து எழும்பினாள். தண்ணீர்தான் எல்லோர் தலையிலும் சொட்டியது. பாக்கெட்டுகளில் மணல் நிரப்பினார்கள். பாக்கெட் கிழிந்தது. ஏதாவது சோகமானதை நினைக்கச் சொன்னார்கள்; கண்ணீர் வந்தது, கனம் வரவில்லை. டைரக்டர் கடைசியில் வேரிலிருந்தே பிடிப்போம் என்று முடிவு செய்தார்.

"உனக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியுமா பஞ்சு?"

"தெரியுங்க."

"எங்க, சொல்லு பாப்போம்."

"சரி."

"சரி வேணாம். மாட்டேன்னு சொல்லு."

"சரிங்க. சொல்றேன்."

அவர் போய் ஜன்னலோரம் நின்று வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் நிஜமாகவே போலீஸால் தூக்கிப்போகப்பட்ட ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர்வலத்தையும் மறியலையும் விட்டவரில்லை. அவரை வண்டியில் ஏற்றிப்போகாத ஆண்டே இல்லையாம். மறியல்காரர் என்று இங்கே பெயர் வைத்துவிட்டார்கள். மனிதருக்குக் கொள்கை விளக்கமெல்லாம் கிடையாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடு ஹாலில் மல்லாந்து படுத்தார்.

"நம்ம உடம்பு நம்மளது இல்லன்னு நெனச்சுக்கணும்மா. அது அவங்க பிரச்சனை. தூக்கணும்னா தூக்கட்டும், நமக்கென்ன?"

தூணும் மற்ற மூவரும் தூக்கிப் பார்த்தார்கள். ஈரச் சாக்குப்போல எல்லாப் பக்கமும் வழிந்தார். பிரமாதம் என்றார் டைரக்டர். பஞ்சு அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். சிறிது நேரத்தில் மனிதர் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அன்றைய எழுச்சி முழுவதும் அவரைச் சுற்றித் தாண்டித்தாண்டி நடந்தது.

"எப்படிங்க அந்த ஐயா அப்படி விட்டுட்டாரு? தூக்கறவங்களுக்கு வலிக்குமே" என்று பஞ்சு என்னிடம் கிசுகிசுத்தாள்.

அதன் பிறகு வந்து சேர்ந்தவள்தான் மூத்தவள். சாக்குத் துணியில் தைத்து மணல் நிரப்பிய பொம்மை. பஞ்சுவின் உயரம், பஞ்சுவின் உடை. டைரக்டர் எல்லோர் முன்னாலும் மறைக்காமல் சொன்னார். பெரிய அரங்கத்தின் மேலாளர் அம்மாள் நாடகத்தைப் பார்வையிட வரப் போகிறார். அவருக்குப் பிடித்தால் ஊர் ஊராகப் போகலாம். அந்த நாளுக்குள் பஞ்சு கனத்தால் பஞ்சு. இல்லையென்றால் நடுவில் உட்காரப் போவது பொம்மை. பஞ்சு வீட்டுக்குப் போகலாம். தூண் மட்டும் குழுவோடு வருவார்.

"சரி" என்றாள் பஞ்சு.

அன்றிலிருந்து பொம்மைக்கு ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். அது உட்கார்ந்தபோது நாற்காலி நன்றாகவே முனகியது. பஞ்சு தரையில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூத்த தாரத்தைச் சொல்வதுபோல 'மூத்தவ' என்று பெயர் வைத்தது அவள்தான்.

"அவங்களுக்கு என்ன, ராணி மாதிரி உக்காந்திருக்காங்க. ஒரு வேலைக்கு உதவி கிடையாது" என்பாள். அவள் யாரையாவது குறை சொல்லி நான் கேட்டது அந்தப் பொம்மையைப் பற்றித்தான். குறை சொல்லிவிட்டு, போகும்போது அதன் காலை நாற்காலிக்குள் நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள். யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாதாம்.

என்னால் ஆனதைப் பார்ப்போம் என்று ஒரு மதியம் அவளை என் பெஞ்சில் படுக்க வைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு விஷயம் தெரியும். கைகால்களை மனிதர்கள் விட்டுவிடுவார்கள். தலையைக் கடைசிவரை விட மாட்டார்கள். அவள் தலைக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்தேன்.

"தலையை என் கையில விடு."

"விட்டுட்டேன்."

"விடலை. முழுசா விடு."

"முழுசா விட்டுட்டேன் நர்சம்மா."

கைகளை உருவிக்கொண்டேன். தலை அந்தரத்தில் நின்றது. கண்ணை மூடி, முகத்தில் நிம்மதியோடு, இல்லாத ஒரு தலையணையில் படுத்திருந்தாள். நான் போய்க் கட்டுத்துணியைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

"இன்னுமா புடிச்சிட்டிருக்கீங்க? கை வலிக்கப் போகுது" என்றாள்.

"நான் அப்பவே எடுத்துட்டேன்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். தலை பெஞ்சில் மெதுவாக இறங்கியது.

"அவரு கை வந்து படும்போது எப்படி விடறது, சொல்லுங்க" என்றாள். "அவரு முதுகு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தூணுக்கு இடுப்புக்கு மேலே வலப்பக்கம் ஒரு இடம் கெட்டுப் போயிருந்தது. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து தைலம் தேய்த்துக்கொள்வார். 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துருவா' என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். இவளோ தனக்குத் தெரியும் என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. இருவருடைய ரகசியமும் ஒரே தைலப் புட்டியில் இருந்தது.

"ராத்திரி புரண்டு படுக்கறப்பவே சத்தம் மாறும். கை வைக்கும்போது வலப்பக்கம் ஒரு நூல் தாமதம். எனக்குத் தெரியாதா? அதான் அவரு குனியறதுக்குள்ள நான் எழும்பிடறேன்."

"டைரக்டர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவரை அனுப்பிடுவாங்க. தூக்க முடியாத கீழாளை வெச்சு என்ன பண்ணுவாங்க? அவரை அனுப்பினா அவரு மனசு ஒடிஞ்சிரும். என்னை அனுப்பினா அவரு முதுகு ஒடிஞ்சிரும். நான் இல்லாம ஊர் ஊராப் போயி, யாரோ ஒரு தடிப்பயலைத் தூக்கித் தொலைப்பாரு."

இதைக் கேட்டு உச்சுக் கொட்டுவது என் வழக்கமில்லை. "அவர் விழுந்தா தூக்க வேண்டியவ நான். எனக்கும் வயசாகுது. அந்தம்மா வர்றதுக்குள்ள உங்கள்ல ஒருத்தர் வாயைத் திறக்கணும், இல்லன்னா நான் திறப்பேன்" என்றேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி'க்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் வாயைத் திறந்தது பொம்மைதான், ஒரு விதத்தில்.

பார்வையிடும் நாள் நெருங்கியதும், எதற்கும் இருக்கட்டும் என்று டைரக்டர் மூத்தவளை நடுவில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். சிவப்புத் துண்டும் அதன் கழுத்துக்குப் போயிற்று. போலீஸ்காரர்கள் வந்தார்கள். பஞ்சுவைத் தூக்கிப் பழகிய தூண், வழக்கம்போல லேசாகக் குனிந்து, அக்குளில் கை கொடுத்து, சட்டையை ஆணியில் மாட்டுகிற மாதிரி எழும்பினார். மூத்தவள் எழும்பவில்லை. அவள் யாருக்கும் உதவி செய்கிறவள் இல்லையே. தூண் மட்டும் பாதியில் நின்றார். இடுப்பிலிருந்து மேல்பாதி தரைக்கு இணையாக, கை இரண்டும் முன்னால் நீட்டியபடி, மடக்கிய நாற்காலி மாதிரி அப்படியே உறைந்து போனார்.

"ஆகா" என்றார் டைரக்டர். "அதிகாரம் குனிஞ்சு நிக்குது. அதை அப்படியே வெச்சுக்குங்க."

"வெச்சுக்கத்தான் போறேன்" என்றார் தூண், பல்லைக் கடித்துக்கொண்டு. "நிமிர முடியல."

மற்றவர்கள் புரிந்துகொள்வதற்குள் பஞ்சு ஓடிவந்து அவருக்கு அடியில் புகுந்துவிட்டாள். நல்ல தோளை அவர் வயிற்றுக்குக் கொடுத்து, கால்களை அகட்டி ஊன்றி, மெல்ல நிமிர்ந்தாள். அத்தனை பெரிய மனிதர் அவள் தோளில் கிடந்தார். அந்தக் குழுவில் கீழாள் மேலே போனதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். என் பெஞ்சு வரைக்கும் அவரைச் சுமந்து வந்தாள்.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?" என்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தூண் கேட்டார்.

"பேசாம வாங்க. சிரிச்சீங்கன்னா போட்டுருவேன்" என்றாள்.

"நான் எங்கடி சிரிச்சேன்? அழுதுட்டிருக்கேன்."

டைரக்டர் பெஞ்சுக்கு வந்து தூணின் முதுகையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"இவர் இனிமே கொஞ்ச நாளைக்கு எதையும் தூக்கக் கூடாது. யாரையும். இப்ப வேண்டியது ஓய்வு."

"அதுக்கப்புறம் நடக்கலாமா?"

"நடக்கலாம்."

"உக்காரலாமா?"

"உக்காரலாம், படுக்கலாம். இடுப்புப் பட்டை கட்டிக்கிட்டா, இடுப்புக்கு அடியில கை கொடுத்து மத்தவங்க தூக்கினாலும் தூக்கலாம்."

அவர் விசிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டு யோசித்தார். "அப்ப உக்காரட்டும். பஞ்சு பக்கத்துல உக்காந்து அவரும் மறியல் பண்ணட்டும். முதல்ல இந்தச் சின்னவளை ஒண்ணும் பண்ண முடியல. ஆனா இந்த மலையை ஒரு நொடியில தூக்கிட்டுப் போயிடறாங்க. எப்படி?"

நன்றாகத்தான் இருந்தது. தூணுக்குப் பதிலாக, குழுவுக்கு மேளம் வாசிக்கும் மேளக்காரர் போலீஸ் ஆனார். தூண் பட்டை கட்டிக்கொண்டு மறியலுக்கு உட்கார்ந்தார். அதில் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. வாழ்நாள் முழுக்கப் பிறரைத் தூக்கிய மனிதரை இதுவரை யாரும் தூக்கியதில்லை. முதல் முறை பாதம் தரையை விட்டதும் மேளக்காரரின் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார்.

"இறக்குங்க. இறக்குங்க, உயரமா இருக்கு."

"அண்ணே, முழங்கால் உயரம்கூட வரல."

"இருக்கட்டும். பஞ்சு, நீ எப்படித்தான் இத்தனை வருஷம் மேல நின்னே?"

"நீங்க கீழ இருந்தீங்கல்ல" என்றாள் பஞ்சு, அவருடைய சட்டையை இழுத்துவிட்டபடி.

அவருக்கு மூன்று நான்கு ஒத்திகையில் பயம் குறைந்தது. அவளுக்குத்தான் கனம் வரவில்லை. அவர் கை அவள்மேல் படாவிட்டாலும் பழகிய உடம்பு எழும்பவே பார்த்தது. தோளில் ஏறி நிற்பது நின்றது. அது ஒன்றுதான் முன்னேற்றம். மேளக்காரர் ஒற்றைக் கையால் அவளைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிக் காட்டிச் சிரித்தார். மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையிடும் நாளுக்கு முந்தைய ஒத்திகை முடிந்ததும் டைரக்டர் பஞ்சுவிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதனால் விஷயம் முடிவாகிவிட்டது என்று தெரிந்தது.

"நாளைக்கு நீயே உக்காரு. அவங்க கை வெச்சதும் கொஞ்சம் எழும்பினாலும் நான் விசில் ஊதிருவேன். உடனே பொம்மையை மாத்திருவோம். அதுவும் காட்சியில ஒரு பகுதின்னு அந்தம்மா நெனச்சுக்கட்டும்."

"சரி."

பஞ்சு அன்று என்னிடம் வந்து தூணின் பட்டையை எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொண்டாள். இடுப்பில் எந்த இடத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று கேட்டு, என் இடுப்பிலேயே கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். தான் போகாவிட்டால் யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டுமே.

மறுநாள் மேலாளர் அம்மாள் வந்தார். லிஃப்டில் அவரோடு நானும் பஞ்சுவும் வந்தோம். பஞ்சு எங்கள் இருவருக்கும் சேர்த்து மூச்சை அடக்கினாள். அந்த அம்மாள் நாற்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிவரை முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்தார். பதாகைகள் பறந்தன. வேலி உருண்டது. நீலத்துணியில் இன்று யாரும் விழவில்லை. பிறகு கூட்டம் கலைந்து ஓடியது, நடுவில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்: பெரிய உருவமும் சின்ன உருவமும், பக்கத்தில் பக்கத்தில். டைரக்டர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் மூத்தவளை ஒருவர் அணைத்துப் பிடித்துத் தயாராக நின்றார்.

காட்சிப்படி முதலில் பஞ்சு. நான்கு பேரும் சூழ்ந்தார்கள். மேளக்காரர் முந்தைய நாளின் நினைப்பில் அலட்சியமாக ஒரு கையை மட்டும் கொடுத்தார். பஞ்சுவின் தோள் காதுப் பக்கம் ஏற ஆரம்பித்ததைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அவள் திரும்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூணைப் பார்த்தாள். பிறகு தன்மேல் இருந்த கைகளைப் பார்த்தாள், முன்னால் இருந்தவை, பின்னால் இருந்தவை. யாருடைய கைகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. அவற்றில் தூணின் கை இல்லை.

தோள் இறங்கியது.

மேளக்காரர் இழுத்தார். வரவில்லை. இரண்டு கைகளையும் கொடுத்தார். பஞ்சு நான்கு பக்கமும் வழிந்தாள். ஒருவர் இடுப்பைப் பிடித்தால் தோள் சரிந்தது, தோளைப் பிடித்தால் இடுப்பு தரையில் தங்கியது. கால்களைப் பிடித்தவர் கைகளில் அவளுடைய கால்சட்டைத் துணிதான் மிஞ்சியது. நெம்பினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. மேளக்காரர் அவள் காதுப் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் உதவி பண்ணுங்க, கை விட்டுப் போகுது" என்றார். நான் ஓரத்தில் இருந்தேன். எனக்குக் கேட்டது.

"மாட்டேன்" என்றாள் பஞ்சு, கண்ணைத் திறக்காமலே.

மேளக்காரர் வெறுத்துப்போய்க் கைகளை எடுத்துவிட்டார். அவள் தலை தரையில் டொக்கென்று விழுந்தது. எனக்கு ஐஸ் பெட்டி நினைவு வந்தது. மேலாளர் அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். டைரக்டரின் வாயிலிருந்து விசில் நழுவி மார்பில் தொங்கியது. திரைக்குப் பின்னால் இருந்தவர் மூத்தவளை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார்.

காட்சிப்படி அடுத்தது தூண். நான்கு பேரும் மூச்சிரைக்க அவரிடம் திரும்பினார்கள். மலையை ஒரு நொடியில் தூக்க வேண்டும். ஆனால் இருந்த தெம்பையெல்லாம் பஞ்சுவிடம் செலவழித்துவிட்டார்கள். இடுப்புக்கு அடியில் கொடுக்க வேண்டிய கையைக் கொடுக்காமல் தோளையும் காலையும் மட்டும் பிடித்தார்கள். தூணின் முகம் சுருங்கியது.

பஞ்சு அசையாமல் கிடந்தாள். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, தலை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அவளுடைய வலது கை மட்டும் தரையோடு தரையாக ஊர்ந்து போயிற்று. தூணின் இடுப்புக்கு அடியில், வலப்பக்கம், அந்த இடத்தைத் தேடிப் பிடித்து உள்ளங்கையை விரித்து, மேலே ஒரு தள்ளு தள்ளிக் கொடுத்தது.